ரிட்டன் போன பச்சை சுவெட்டர்

அந்தத் தெரு லாண்டரிக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. எல்லோருக்கும் அவர் 'மடிப்பு'. வயதில் சின்னவர்களுக்கு 'மடிப்பண்ணன்'. கசங்கின துணியைக் கண்டால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போனால் கை துடைத்த காகிதத்தைக்கூட நான்காக மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் நாற்காலியில் கிடந்த போர்வையை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். "நான் சொல்றது உங்களுக்குக் காதுல விழுதா?" என்று டாக்டர் அதட்டினார். விழாமல் என்ன? விழுந்ததால்தான் மடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

கடை சின்னதுதான். முன்னால் கவுண்ட்டர். பின்னால் துவைக்கும் மெஷின்கள், நீராவி இஸ்திரி மேஜை. மேஜைக்கு வலது பக்கம் ஓர் அடுக்கு, இடது பக்கம் ஓர் அடுக்கு. வலதில் இருப்பதெல்லாம் வேலை பாக்கி. இடதில் இருப்பது முடிந்தது, உரியவர் வந்தால் தூக்கிக் கொடுக்க வேண்டியது. மடிப்பு குனிந்த தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருப்பார். வாசலில் குரல் கேட்டால் இடது கை தானாகப் போய் இடது அடுக்கிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து நீட்டும். என்ன எடுத்தோம் என்று திரும்பிப் பார்க்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது. பார்ப்பதற்குத்தான் கவுண்ட்டரில் அவர் மனைவி இருந்தாளே! மூட்டையின் ஓரத்தைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். "பேங்க்காரர் சட்டையைக் கேட்டா டீச்சரம்மா கோட்டைத் தர்றீங்க. நல்லா இருக்கு உங்க லட்சணம்!" என்று திருப்பிக் கொடுப்பாள். வந்தவரிடம், "இவர் கைக்குக் கண்ணு கிடையாது. அதான் என்னைக் கட்டிக்கிட்டார்" என்பாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் ஓடியது கடை. இவர் கை, அவள் கண்.

ஊர் உலகத்துத் துணியையெல்லாம் தொட்டு எடுத்த அந்தப் பெண்பிள்ளை, தனக்கென்று ஆசைப்பட்டு ஒரு துணி வாங்கியது ஒரே ஒரு தடவைதான். கவுண்ட்டரில் ஆள் வராத நேரத்தில் போனில் படம் படமாகத் தள்ளிக்கொண்டே இருந்தவள், திடீரென்று, "என்னங்க, இதைப் பாருங்களேன்" என்றாள். பாசிப் பச்சையில் ஒரு சுவெட்டர், முன்னால் பொத்தான் வைத்தது. "வாங்கேன்" என்றார் மடிப்பு.

"வாங்கேன்னு இஸ்திரிப்பெட்டியைப் பாத்துச் சொன்னா எப்படி? என்னைப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னார். வாங்கினாள். வந்தது. பார்சலைப் பிரித்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! செல்லோடேப்பைக்கூடக் கிழிக்காமல் நகத்தால் உரித்து எடுத்தாள். ஆனால் போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று தொங்கியது. வருஷக்கணக்காக இருந்த அளவைத்தான் சொல்லி வாங்கியிருந்தாள். உள்ளே இருந்த வியாதி அதற்குள் உடம்பைப் பாதியாக்கிவிட்டிருந்தது. கை இரண்டும் விரலைத் தாண்டி நீண்டன.

"அளவு மாத்திக்கலாமாம்மா?" என்று கேட்டார் மடிப்பு.

"எதுக்கு? உடம்பு தேறிடுச்சுன்னா இதுதான் சரியா இருக்கும். இப்பச் சின்னதா வாங்கிட்டா, தேற மாட்டேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள். கை முனைகளை இரண்டு மடிப்பாக மடித்துவிட்டுக்கொண்டாள். மகளுக்கு வீடியோவில் போன் போட்டு, கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். சுவெட்டரில் தொங்கிய டேக்கைக்கூட வெட்ட மனசு வரவில்லை அவளுக்கு. உள்ளே செருகிவிட்டுக்கொள்வாள். "புதுசுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?" என்பாள். மாலையில் கொஞ்ச நேரம் போட்டிருந்துவிட்டு, அழுக்காகிவிடக் கூடாதென்று பத்திரமாகக் கழற்றி அது வந்த கவரிலேயே வைத்துவிடுவாள்.

தேறவில்லை.

மகள் தூரத்து ஊரில் இருந்தாள். அம்மா போன சமயம் அவளுக்குப் பிரசவமாகிச் சில நாள்தான். தையல் பிரிந்து ஜுரம் வேறு. எழுந்து உட்காரவே டாக்டர் விடவில்லை, பிரயாணத்துக்கு எங்கே போக? எல்லாவற்றையும் போனிலேயே பார்த்தாள். யாரோ பிடித்துக்கொண்டிருந்த போன் ஆடியதில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. அதன் பிறகு அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பச்சை சுவெட்டரை எனக்கு எடுத்து வைங்கப்பா. வேற எதுவும் வேணாம். குழந்தை கொஞ்சம் நிமிந்ததும் வந்து எடுத்துக்கிறேன்."

"உனக்கில்லாமலா பாப்பா" என்றார் மடிப்பு.

அதோடு விட்டிருக்கலாம். தகப்பன் மனசு விடவில்லை. அம்மாவின் சுவெட்டர் மகளுக்குத் தொளதொளவென்று இருக்கும். அதை அவள் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும், போட்டுக்கொள்ள அவள் அளவில் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன? பக்கத்துக் கடை சாவிக்காரரிடம் போனார். சாவிக்காரர் தொலைந்த சாவிக்கெல்லாம் மாற்றுச் சாவி செய்பவர். "பூட்டையே பேச வைக்கிறவன், போனைப் பேச வைக்க மாட்டேனா?" என்று மார்தட்டி, அதே கம்பெனியில் அதே பச்சையில் சின்ன அளவு ஒன்றுக்கு ஆர்டர் தட்டிவிட்டார்.

வந்தது. கவரின் மேல் சின்ன அளவு என்று போட்டிருந்தது. பிரித்தால் உள்ளே பெரிய அளவு! எவன் தூக்கக் கலக்கத்தில் போட்டானோ. மடிப்பு வீட்டிலிருந்து மனைவியின் சுவெட்டரைக் கொண்டுவந்து மேஜையில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார். அச்சு அசல் இரண்டும் ஒன்று. "ரிட்டன் போட்டுடலாம்ணே, வீட்டுக்கே வந்து எடுத்துப்பாங்க" என்றார் சாவிக்காரர்.

இங்கேதான் அந்தக் கை தன் வேலையைக் காட்டியது. இரண்டையும் நீவி, பொத்தான் போட்டு, ஒரே மாதிரி மடித்தார். மனைவியின் சுவெட்டரில் சுருட்டியிருந்த கை முனைகளையும் இறக்கி நேராக்கினார். அவள் மடித்த தடம் மட்டும் மெல்லிய கோடாக நின்றது. இரண்டையும் அதனதன் கம்பெனிக் கவரில் போட்டார். ரிட்டன் போக வேண்டியது இன்னும் வேலை பாக்கி, ஆகவே வலது அடுக்கு. மனைவியுடையது மகள் வந்தால் கொடுக்க வேண்டியது, முடிந்தது, ஆகவே இடது அடுக்கு. இதைச் செய்யும்போது அவர் யோசித்தார் என்றா நினைக்கிறீர்கள்? மூச்சு விடுவதை யார் யோசித்துச் செய்கிறார்கள்!

மறுநாள் காலை, பார்சல்காரன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "ரிட்டன் இருக்கா?" என்று குரல் கொடுத்தான். மடிப்பு ஒரு கோட்டின் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடது கை போனது, எடுத்தது, நீட்டியது. பார்சல்காரன் கவரைப் பிரித்து நிறம் பார்த்தான், டேக் பார்த்தான். "இவ்வளவு நீட்டா யாரும் திருப்பித் தர்றதில்லண்ணே" என்றான். மடிப்புக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு. தலையை நிமிர்த்தாமலே சிரித்துக்கொண்டார். கவுண்ட்டரில் எட்டிப் பார்க்க யாரும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் வலது அடுக்கில் ஒரு கவர் கண்ணில் பட்டது. ரிட்டன்தான் போய்விட்டதே, இது என்ன? எடுத்துப் பிரித்தார். கை முனையைப் பார்த்தார். கோடு இல்லை. இன்னொரு கையைப் பார்த்தார். அதிலும் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை வரைக்கும் ஓடினார். அங்கே என்ன இருக்கும்? வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

"பதறாதீங்கண்ணே. இப்பத்தானே போயிருக்கு. ஒரு போன் போட்டா முடிஞ்சது" என்றார் சாவிக்காரர். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பதில் சொல்ல முதலில் வந்தது ஒரு மெஷின். 'வணக்கம், நான் உங்கள் தோழி' என்று போனில் எழுத்து ஓடியது. என்ன பிரச்சனை என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. பொருள் வரவில்லை. தவறான பொருள் வந்தது. அளவு சரியில்லை. பணம் திரும்பவில்லை. சாவிக்காரர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அவங்க பண்ற தப்புக்கெல்லாம் பட்டன் இருக்குண்ணே. நாம பண்ற தப்புக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றார்.

அடித்துப் பிடித்து மனுஷக் குரலைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. நடுநடுவே உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் தேன் ஒழுகச் சொன்னாள். முக்கியமானவரை இப்படியா கால் கடுக்க நிறுத்துவார்கள்? கடைசியில் ஒரு பையன் குரல்.

"சார், உங்க ரிட்டன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு சார். பணம் வந்து சேர்ந்திடும்."

"தம்பி, பணம் வேணாம். நான் மாத்திக் கொடுத்துட்டேன். அது என் சம்சாரத்தோடது. உங்க சுவெட்டர் இங்க இருக்கு. இதை எடுத்துக்கிட்டு அதைத் தந்துடுங்க."

"புரியுது சார். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம். ஆனா எங்க பதிவுல ரிட்டன் சரின்னு இருக்கு சார். பச்சை, பெரிய அளவு, டேக் இருக்கு, நல்ல நிலையில இருக்கு."

"நல்ல நிலையிலதான் இருக்கும். அவ அப்படி வச்சிருந்தா."

"ரொம்ப சந்தோஷம் சார். வேற ஏதாவது உதவி தேவையா சார்?"

"இன்னும் முதல் உதவியே நீ பண்ணலையேப்பா" என்றார் மடிப்பு. அந்தப் பையன் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வைத்த கையோடு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மெசேஜ். சாவிக்காரர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

மறுநாள் வேறு ஒருவன். அவனுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. அவளுக்கும் முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் 'என் சம்சாரம் இறந்துட்டா' என்பதில் ஆரம்பித்தாக வேண்டும். சாவு நடந்த வீட்டில்கூட அவர் அத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல அது ஏதோ அட்ரஸ் சொல்வது போல மரத்துப்போய் வந்தது. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

ஒருத்தன் கொஞ்சம் கெட்டிக்காரன். கதையை முழுசாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்போ அவங்க அதைப் போட்டிருக்காங்க, அப்படித்தானே சார்?" என்றான்.

"ஆமாப்பா! போட்டிருந்தா!" மடிப்புக்கு உயிர் வந்தது. அப்பாடா, ஒருவனுக்காவது புரிந்ததே.

"பயன்படுத்தின பொருளை ரிட்டன் பண்றது விதிமீறல் சார். இதை நான் பதிவு பண்ணா உங்க கணக்கு மேல நடவடிக்கை வரும். பதிவு பண்ணட்டுமா?"

கேளுங்கள் இந்த நியாயத்தை. புதுசு என்றால் கணக்கு முடிந்துவிட்டது. பழசு என்றால் இவர் திருடன். நடுவில் ஒரு மனுஷனின் பெண்டாட்டி போட்டிருந்த துணி என்று சொல்லிக்கொள்ள இடமே இல்லை. சாவிக்காரர் போனைப் பிடுங்கிக் கத்தினார். மடிப்பு திரும்ப வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார். "தம்பி, உங்க குடோன் எங்க இருக்குன்னு சொல்லு. நானே வர்றேன். எவ்வளவு பெரிய குவியலா இருந்தாலும் பரவாயில்ல. கை முனையில ஒரு மடிப்புத் தடம் இருக்கும், நான் தடவியே எடுத்துடுவேன். உங்க வேலையைக் கெடுக்க மாட்டேன். நான் எடுக்கிறப்ப மத்ததையெல்லாம்கூட மடிச்சு வச்சுட்டு வந்துடுறேன்."

"வாடிக்கையாளருக்கு அங்க அனுமதி இல்ல சார். தடம்லாம் அடையாளத்துல வராது. பார்கோடு நம்பர் இருக்கா?"

கவரோடு போன பார்கோடுக்கு இவர் எங்கே போவார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ரிட்டன் போனதெல்லாம் மறுபடி விற்பனைக்குத்தானே வைப்பார்கள்? அப்படியென்றால் அதே பச்சை, அதே அளவை வாங்கிக்கொண்டே இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் அவளுடையதே கைக்கு வராதா? சாவிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, அது கடல்ண்ணே." ஆனாலும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். பார்சல் வரும். மடிப்பு இஸ்திரியை அப்படியே நிறுத்திவிட்டு, கைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பிரிப்பார். வேறெதையும் பார்க்க மாட்டார், நேராகக் கை முனைதான். விரலால் நெருடிப் பார்ப்பார். வெளிச்சத்தில் காட்டுவார். இல்லை. மடித்துத் திருப்பி அனுப்புவார். இந்தத் தடவை, எதை அனுப்புகிறோம் என்று கவரைப் பிரித்துப் பார்த்து, மூடி, மறுபடி பிரித்துப் பார்த்துக் கொடுப்பார். இன்னொன்று வரும். அதுவும் இல்லை. கடையில் துணி தேங்கியது. டீச்சரம்மா இரண்டு தடவை வந்து கோட்டு இல்லாமல் திரும்பிப் போனாள்.

ஒரு நாள் கணக்கைத் திறந்தால் சிவப்பு எழுத்து. அளவுக்கு மீறி ரிட்டன் செய்ததால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது. இதற்கு மட்டும் எப்படிச் சுறுசுறுப்பாக வந்தார்கள், பாருங்கள்.

அன்றைக்குத்தான் அவர்களாகவே போன் செய்தார்கள். பெண் குரல், கொஞ்சம் வயதான குரல். முடக்கியதற்கு விளக்கம் சொல்ல வந்தவள், பழைய பதிவுகளையெல்லாம் படித்திருப்பாள் போல. ஆரம்பத்திலேயே, "சார், நீங்க முதல்லேருந்து சொல்ல வேணாம். நான் எல்லாத்தையும் படிச்சுட்டேன்" என்றாள்.

மடிப்புக்கு அந்த ஒரு வார்த்தைக்கே கண் கலங்கிவிட்டது.

"தேடிப் பாத்தேன் சார். நீங்க முதல்ல அனுப்பின அன்னைக்கு அந்த அளவுல வந்தது அது ஒண்ணுதான். வந்த வேகத்துல வித்துப்போச்சு. யார் வாங்கினாங்க, எந்த ஊருன்னு நான் சொல்லக் கூடாது. அவங்களுக்கு எழுதிக் கேட்டும் பாத்தேன், அதுவே நான் செய்யக் கூடாதது. பதில் வரல." பிறகு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்தாளோ என்னவோ, "அவங்க அதைத் திருப்பி அனுப்பல சார். அவங்களுக்கு அளவு சரியா இருந்திருக்கு" என்றாள்.

மடிப்பு போனை மேஜை மேல் வைத்தார். அந்தப் பெண் 'சார், சார்' என்று கூப்பிடுவது கேட்டது. எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி அந்தச் சுவெட்டரை உடம்பு நிறையப் போட்டுக்கொண்டு, கையை மடித்துவிட வேண்டிய அவசியமே இல்லாமல், நன்றாக இருக்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். அவளைச் சொல்லி என்ன குற்றம்? ஆனால் அது தனக்குச் சரியாகும் நாளுக்காகத்தானே இவர் மனைவி காத்துக்கொண்டிருந்தாள்! இஸ்திரி மேஜை மேல் முகத்தை வைத்து, மனைவி செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார் அந்த மனுஷன். சாவிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

அந்த வாரமே மகள் கூப்பிட்டாள். டிக்கெட் எடுத்தாயிற்று, வருகிறாளாம்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார் மடிப்பு.

"நானும் ஒண்ணு சொல்லணும்பா. அம்மா முகத்தை நான் கடைசியா நேர்ல பாக்கல, தொடல. அது எனக்கு நெஞ்சுலயே நிக்குது. ராத்திரியானா தூக்கமே வர்றதில்ல. அந்தச் சுவெட்டரைக் கையில வாங்கிட்டா சரியாயிடும்னு தோணுது. பைத்தியக்காரத்தனம்தான், இல்ல? சரி, நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. குழந்தைக்குக் குளிராமப் பாத்துக் கூட்டிட்டு வா" என்றார்.

போனை வைத்தவர் வலது அடுக்கைப் பார்த்தார். கம்பெனிக்காரன் எடுத்துக்கொள்ளாமலே விட்ட சுவெட்டர் அதே கவரில் கிடந்தது. அதை எடுத்தார்.

காலமெல்லாம் பழசைப் புதுசாக்கிக் கொடுத்தே பிழைத்தவர், அன்றைக்குப் புதுசைப் பழசாக்க உட்கார்ந்தார். தனியாக ஒரு வாளியில் நனைத்துக் கசக்கினார். பிழிந்து உலர்த்தினார். மறுபடி நனைத்தார். வெயிலில் போட்டுத் திருப்பினார். புதுத் துணிக்கு ஒரு மொடமொடப்பு உண்டு. அது ஒழியும் வரைக்கும் விடவில்லை. அவள் கவுண்ட்டரில் ஊன்றிக்கொள்ளும் முழங்கைப் பக்கம் மட்டும் மேஜை விளிம்பில் தேய்த்தார். இரண்டாவது பொத்தானை அவள் பேசிக்கொண்டே திருகுவாள், அதன் நூலைக் கொஞ்சம் தளர்த்தினார். கை முனைகளை மடித்து, ஆவி காட்டி, அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரித்தார், மறுபடி மடித்தார். செய்யச் செய்யத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது அவருக்கு. கள்ளச்சாவி போடுகிறவன் மாதிரி இருந்தது.

சாவிக்காரர் வாசலில் வந்து நின்றார். வாளியையும் சுவெட்டரையும் பார்த்தார். புரிந்துகொண்டார். "சொல்லிடுங்கண்ணே. பெத்த பொண்ணுதானே" என்றார்.

"சொன்னா, அவளும் இதையே தேட ஆரம்பிச்சுடுவாய்யா" என்றார் மடிப்பு. "ஒரு வீட்டுல ஒருத்தர் தேடினாப் போதும்."

மகள் வந்தாள். வாசலில் பெட்டி, தோளில் குழந்தை. அம்மா இல்லாத கவுண்ட்டரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அப்பாவும் மகளும் கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டு அழுதார்கள். குழந்தையைத் துணி மூட்டை மேல் படுக்க வைத்தார்கள். அது சமர்த்தாகத் தூங்கியது. "எங்கப்பா?" என்றாள் மகள். எது என்று கேட்கத் தேவையில்லை. மடிப்பு உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் அதை விரிக்கக்கூட இல்லை. மடிப்போடு அப்படியே முகத்தில் அழுத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. மடிப்பு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இதோ கண்டுபிடித்துவிடப் போகிறாள், 'இது அம்மாவோடது இல்லையே' என்று கேட்டுவிடப் போகிறாள் என்று காத்திருந்தார். உண்மையைச் சொன்னால், கேட்டுவிட மாட்டாளா என்றுகூட இருந்தது அவருக்கு. கேட்டால் சொல்லிவிடலாமே. இத்தனை நாள் ஊரில் பேர் தெரியாதவனுக்கெல்லாம் சொன்னதை, தன் பிள்ளையிடம் ஒரே ஒரு தடவை சொல்லி அழலாமே.

மகள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. ஆனால் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அதில் ஒரு தெளிவு.

"அம்மா வாசனை அப்படியே இருக்குப்பா" என்றாள். "எனக்குத் தெரியும். நீங்க துணின்னா சும்மா விட மாட்டீங்க. இதையும் துவைச்சுத் தேச்சு வச்சிருப்பீங்களோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன். துவைக்காம வச்சிருந்தீங்களே, அது போதும்பா எனக்கு."

மடிப்பின் கண் வாளி இருந்த மூலைக்குப் போய்த் திரும்பியது.

"இந்தாங்க, நீங்களும் பாருங்க" என்று அவள் அந்தச் சுவெட்டரை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தார். சோப்பு, ஆவி, வெயில். வேறு ஒன்றுமே இல்லை. மறுபடி இழுத்துப் பார்த்தார், ஒருவேளை இருந்துவிடாதா என்று.

"ஆமாம்மா" என்றார். "அவளேதான்."